ஓபியாய்டு போதையிலிருந்து மீள மருந்து: வீட்டாருக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

"பத்து நாள் அட்மிட் பண்ணி, உடம்புல இருக்கறதை எல்லாம் எடுத்து விட்டுடுங்க டாக்டர். அப்புறம் நாங்க பார்த்துக்கறோம்." போதை மீட்பு ஓ.பி.யில் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஹெராயின், வலி மாத்திரைகளான டிரமடால், டேபென்டடால் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகைப் போதைகள்) விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. பத்து நாளில் உடம்பு வலி போய்விடும், ஆசை போகாது. போதாக்குறைக்கு, இத்தனை நாள் பழகிப் பழகி உடம்பு சேர்த்து வைத்திருந்த தாங்கும் சக்தியும் இறங்கிவிடும். வெளியே வந்தவர் ஒரு சாயங்காலம் பழைய நண்பரைப் பார்த்து, பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2003ல் வெளியான அந்த ஆய்வில் ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். எல்லோருக்கும் குழு ஆலோசனை, தனி ஆலோசனை, அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் ஒரே மாதிரி. 20 பேருக்கு ஒரு வருடம் தினமும் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு ஆறு நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வருடக் கடைசியில் மருந்து எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, அவர்களில் 4 பேர் இறந்தே போனார்கள். ஆலோசனையில் யாரும் குறை வைக்கவில்லை என்பதை மறுபடி ஒரு தடவை கவனியுங்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி மருந்தைத் தொடங்குவதைப் பற்றி மட்டுமல்ல, அதில் நிலைத்து நிற்பதைப் பற்றியும்தான். அளவுகள் சில இடங்களில் வரும். அவை டாக்டர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குப் புரிவதற்காக. வீட்டில் நீங்களே முயன்று பார்ப்பதற்கு அல்ல.

முதல் படி: என்ன போதை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இங்கே பேசும் மருந்துகள் ஓபியாய்டு வகைக்கானவை. அபின், ஹெராயின், அதன் மட்ட ரகமான பிரவுன் சுகர், மார்ஃபின், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், டேபென்டடால் எல்லாம் இந்த வகை. கஞ்சாவுக்கும் மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமினுக்கும் இவை வேலை செய்யாது. கடைசியில் சொல்லப்போகும் நால்ட்ரெக்சோனை மட்டும் குடிநோய்க்கும் கொடுப்பதுண்டு.

போதை என்றாலே ஹெராயின், அது வடக்கே நடக்கும் சங்கதி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019ல் மத்திய அரசு வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பில் ஹெராயின் பயன்பாடு 1.14 சதவீதம், மருந்தாக விற்கும் ஓபியாய்டுகள் 0.96 சதவீதம், அபின் 0.52 சதவீதம். மாத்திரை ஹெராயினை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் போலீஸ் செய்தியில் "போதை மாத்திரை" என்று வருவது பல சமயம் வலி நிவாரணி மாத்திரைதான். அதைப் பொடித்து, தண்ணீரிலோ சலைன் நீரிலோ கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு சுண்ணமும் மாவும் பசையும் இருக்கும். அது ரத்தத்தில் கரையாது. கையில் சீழ்க்கட்டி, நரம்பு அடைப்பு, இதய வால்வில் தொற்று என்று போகும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி வேறு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: கொளுத்தும் மே மாதத்திலும் முழுக்கை சட்டை, வெளிச்சம் குறைந்த அறையிலும் குண்டூசி முனை போல் சுருங்கிய கண்பாவை, நாள்கணக்கில் மலச்சிக்கல், பாத்ரூம் மாடத்திலோ பீரோவுக்குப் பின்னாலோ காலி மாத்திரை அட்டைகள். போதை கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழாகும். மூக்கு ஒழுகும், கண்ணில் தண்ணீர் வரும், விடாமல் கொட்டாவி வரும், ரோமம் சிலிர்க்கும், வயிற்றுப்போக்கு வரும், கை கால் உளைச்சலில் படுக்க முடியாது. இதுதான் வித்ட்ராயல். "வைரல் ஃபீவர்" என்று வீட்டார் இரண்டு மூன்று தடவை ஏமாந்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தை டாக்டரிடம் மறைக்கவே கூடாது: என்ன போடுகிறார், எவ்வளவு, கடைசியாக எப்போது, கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ உண்டா. முடிந்தால் காலி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். டிரமடாலை அதிக அளவில் எடுப்பவர்களுக்கு வலிப்பு வருவதுண்டு, அதையும் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தனியார் தொண்டு அமைப்புகளில் 1980ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நீண்ட அனுபவம் உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி மையம் உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கு 14416. ஊசி போடுபவராக இருந்தால் 1097ல் கேளுங்கள், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புப்ரெனார்ஃபின் இலவசமாகத் தரும் மையங்கள் இருக்கின்றன.

"போனா போலீஸ்ல சொல்லிடுவாங்களா?" சொல்ல மாட்டார்கள். 2017ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையையும் நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். வழக்கு இருப்பவர்கள் இதை வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்து, தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் "மறுவாழ்வு மையங்கள்". நல்லவையும் உண்டு. ஆனால் ராத்திரி வேனில் வந்து ஆளைத் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். சங்கிலியில் கட்டுவதை அதே 2017 சட்டத்தின் 95ம் பிரிவு தடை செய்கிறது. சேர்க்கும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருவார், ஓபியாய்டு நோயாளிக்குப் புப்ரெனார்ஃபின் தருவீர்களா, வெளியே வந்த பிறகு தொடர்ந்து யார் தருவார்கள். மூன்றாவது கேள்விக்கு "எங்க கிட்ட மருந்தே கிடையாது சார், யோகா, பிரார்த்தனைதான்" என்று பெருமையாகப் பதில் வந்தால் அந்த இடம் உங்கள் பிள்ளைக்கானது அல்ல.

மூன்றாம் படி: எந்த மருந்து, ஏன்

மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் ஜன்னலோர சீட்டில் வந்து உட்கார்ந்து ஆட்டம் போட்டுவிட்டுச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். சீட் காலியானதும் வித்ட்ராயல். சிகிச்சைக்குக் கொடுக்கும் மெத்தடோனும் முழுதாக உட்காரும், ஆனால் ஆட்டம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். புப்ரெனார்ஃபின் பாதி உட்காரும், ஆனால் கெட்டியாகத் துண்டு போட்டுவிடும். அதற்குப் பிறகு ஹெராயின் ஏறினாலும் இடம் கிடைக்காது. நால்ட்ரெக்சோன் உட்காருவதே இல்லை, துண்டு மட்டும் போட்டு வைக்கும்.

முதலில் வந்தது மெத்தடோன் சிகிச்சைதான். 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள், பல தடவை ஹெராயினுக்கே திரும்பிப் போனவர்களுக்கு மெத்தடோன் கொடுத்து, அவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் திரும்புவதைப் பார்த்தார்கள். தினமும் மையத்துக்குப் போய்க் குடிக்கும் திரவ மருந்து இது. நல்ல மருந்து, ஆனால் எச்சரிக்கை வேண்டும். உடம்பில் மெதுவாகச் சேரும் என்பதால் முதல் இரண்டு வாரம் ஆபத்தானது. அதனால்தான் முதல் தடவை பெரும்பாலும் 30 மி.கி.க்கு மேல் கொடுப்பதில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பாதிக்கலாம், ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். இந்தியாவில் சில மையங்களில் மட்டுமே கிடைக்கிறது.

நம் ஊரில் உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் புப்ரெனார்ஃபின். பாதி மட்டுமே உட்காருவதால் ஓர் அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினாலும் மூச்சை அழுத்துவது அதே விகிதத்தில் கூடாது. இந்த ஒரு குணத்தால்தான் பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப டாக்டர்களே இதை எழுதிக் கொடுக்க அனுமதித்தார்கள். 1995லிருந்து 1999க்குள் அங்கே அளவு மீறிய மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. பஞ்சாப் அரசு 2017 கடைசியில் தொடங்கிய வெளிநோயாளி மையங்களிலும் இதே மருந்துதான். 2005லேயே மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் உலக சுகாதார அமைப்பு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரையில் பெரும்பாலும் ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தும் கலந்திருக்கும். 2 மி.கி. புப்ரெனார்ஃபினுடன் அரை மி.கி. நலாக்சோன் என்பது இங்கே வழக்கமான மாத்திரை. நாக்கடியில் வைத்தால் நலாக்சோன் அவ்வளவாக ரத்தத்தில் ஏறாது, சும்மா இருக்கும். கரைத்து ஊசி போட்டால் அது வேலையைக் காட்டி வித்ட்ராயலைக் கிளப்பிவிடும். ஊசி போடாமல் இருக்க வைத்த பூட்டு அது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். மாமா கேட்பார், பக்கத்து வீட்டார் கேட்பார், சில சமயம் வேறு பிரிவு டாக்டரே கேட்பார். பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அம்மா தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போவது நின்றதா, காலையில் எழுந்து வேலைக்குப் போகிறானா, ஊசி நின்றதா, போன் அடித்தால் எடுக்கிறானா. நின்றுவிட்டது, போகிறான், எடுக்கிறான் என்றால் மாமாவுக்கு அதையே சொல்லுங்கள்.

நான்காம் படி: முதல் நாள்

முழு சிகிச்சையிலும் பொறுமை அதிகம் வேண்டியது இந்த நாளில்தான். புப்ரெனார்ஃபினைத் தொடங்கும்போது உடம்பில் வித்ட்ராயல் நன்றாகத் தொடங்கியிருக்க வேண்டும். ஹெராயின் இன்னும் சீட்டில் இருக்கும்போதே மாத்திரையை வைத்தால், புப்ரெனார்ஃபின் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். பாதிதான் உட்காருவதால் உடம்பு திடீரென்று அதளபாதாளத்தில் விழுந்தது போலாகும். சாதாரண வித்ட்ராயலைவிட இது பல மடங்கு மோசம். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது சார், போட்டதும் செத்துட்டேன்" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். மருந்து தவறில்லை, நேரம் தவறு.

ஹெராயின் போன்றவற்றுக்குக் கடைசியாகப் போட்டதிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். நீடித்து வேலை செய்யும் மாத்திரைகளுக்கு இன்னும் கூடுதல். மெத்தடோனிலிருந்து மாறுபவர்களுக்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரைகூட ஆகலாம். ஆகவே முந்தின நாள் ராத்திரியே கடைசி டோஸை எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஓ.பி.க்குப் போகும் வழியில் "பயமா இருக்கு, கடைசியா ஒண்ணு" என்று பாத்ரூமுக்குள் போய்விட்டு வந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். யாரும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, நாளை வரச் சொல்வதற்காகத்தான்.

கடிகாரத்தை மட்டும் நம்பாமல் உடம்பையும் பார்ப்பார்கள். நாடித்துடிப்பு, வியர்வை, கண்பாவை விரிவு, கொட்டாவி, நடுக்கம், மூக்கொழுகல், சிலிர்ப்பு என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் உண்டு. 5லிருந்து 12 வரை லேசானது, 13லிருந்து 24 வரை நடுத்தரம். லேசுக்கும் நடுத்தரத்துக்கும் எல்லையில் இருக்கும்போது பெரும்பாலான டாக்டர்கள் தொடங்குவார்கள். முதலில் 2 அல்லது 4 மி.கி. ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். முதல் நாள் மொத்தம் பொதுவாக 8 மி.கி. அளவில் நிற்கும். ஒரு வாட்டர் பாட்டில், லேசான சாப்பாடு, மாற்றுச் சட்டை, நாள் முழுக்கக் கூட இருக்க ஓர் ஆள். இவ்வளவும் கொண்டு போங்கள்.

அவசரப்பட்டு வித்ட்ராயல் கிளம்பிவிட்டாலும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. அதே புப்ரெனார்ஃபினைக் கூட்டிக் கொடுத்தோ, குளோனிடின் போன்ற மருந்து கொடுத்தோ சமாளிப்பார்கள். ஓடிப்போனவர் நேராகப் பழைய இடத்துக்குத்தான் போவார்.

ஐந்தாம் படி: நாக்கடியில் வைப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்

"மாத்திரை பத்தலை" என்ற புகாரில் கணிசமான பங்கு மாத்திரை வைக்கும் முறையால் வருவது. விழுங்கினால் இந்த மருந்தின் பெரும்பகுதி ஈரலிலேயே வீணாகும். நாக்கடியில் கரைந்தால்தான் ரத்தத்துக்குப் போகும்.

புகையிலை, பாக்கு இருந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்குங்கள், வறண்ட வாயில் மாத்திரை கரையாது. நாக்கைத் தூக்கி அடியில் ஓரமாக வையுங்கள். இரண்டு மாத்திரை என்றால் பக்கத்துக்கு ஒன்று. அப்புறம் தலையைக் கொஞ்சம் குனிந்து உட்காருங்கள். முழுதாகக் கரைய 5லிருந்து 10 நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு, டீ, சிகரெட், போன் எதுவும் கூடாது. எச்சில் ஊறும், விழுங்கத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். கசக்கும். கரைந்த பிறகு ஒரு வாய்த் தண்ணீரைச் சுழற்றிக் குடித்துவிடுங்கள். பல்லுக்கு இது முக்கியம். நாக்கடியில் கரையும் புப்ரெனார்ஃபினால் பல் சொத்தை வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. பல் துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மருந்தை நிறுத்தாமல் பல் டாக்டரை ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். பெரியவருக்கு நாளைக் கடத்த உதவும் அளவு ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும். சாமி மாடம், ஃபிரிட்ஜ் மேல், தலையணை அடி இதெல்லாம் பூட்டு அல்ல.

ஆறாம் படி: சரியான அளவைக் கண்டுபிடிப்பது

முதல் ஒன்றிரண்டு வாரம் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். உலக அளவில் பலர் நிலைபெறுவது 8லிருந்து 16 மி.கி.க்குள், 24 வரை போவதுண்டு. நம்மூரில் இதைவிடக் குறைவான அளவில் நிலைபெறுபவர்களும் உண்டு. அளவு சரி என்பதற்கு அடையாளம்: அடுத்த டோஸ் வரைக்கும் வித்ட்ராயல் இல்லை, ஆசை அடங்கியிருக்கிறது, சபலத்தில் பழையதைப் போட்டாலும் ஏறவில்லை, பகலில் தூங்கி வழியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உளைச்சலோடு எழுந்து நடந்தால் அளவு குறைவு. சாப்பிடும்போதே தலை தொங்கினால் அளவு அதிகம், இல்லாவிட்டால் கூட வேறு ஏதோ போடுகிறார்.

வீட்டார் செய்யும் ஒரு நல்லெண்ணத் தவறு: "குறைவாக எடுத்தால் சீக்கிரம் விட்டுவிடலாம்" என்று டாக்டர் கொடுத்த மூன்றில் ஒன்றைத் தாங்களே எடுத்து ஒளித்து வைப்பது. செய்யாதீர்கள். குறை அளவில் தவிப்பவர்தான் மாத்திரைக்கு மேல் வெளியிலிருந்தும் தேடுவார்.

மலச்சிக்கல், வியர்வை, தலைவலி, தூக்கக் குறைவு, பாலுணர்வுக் குறைவு வரலாம். மலச்சிக்கலுக்கு கீரை, தண்ணீர் மட்டும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள். ஹெபடைடிஸ், எச்.ஐ.வி., ஈரல் பரிசோதனைகளை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: எதோடு சேரக்கூடாது, மூச்சு நின்றால் என்ன செய்வது

மது. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். இவை புப்ரெனார்ஃபினோடோ மெத்தடோனோடோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். முன்பே இவற்றுக்கும் பழகியவராக இருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரும். டாக்டர் தனியாகக் குறைப்பார்.

நம் நாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். அது மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் உடம்பு வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். நன்றாக இருந்தவர் டி.பி. மருந்து தொடங்கிய சில நாளில் வித்ட்ராயலில் தவித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

ஆளை எழுப்ப முடியவில்லை, கண்பாவை சுருங்கியிருக்கிறது, மூச்சு குறட்டை போல் இழுத்து இழுத்து வருகிறது அல்லது வரவே இல்லை, உதடு நீலம் பாரிக்கிறது. 108ஐக் கூப்பிட்டு, இன்ன மருந்து என்று மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போடுவார்கள், பல சமயம் ஆள் சட்டென்று எழுந்து உட்காருவார். "சரியாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்றால் விடாதீர்கள். நலாக்சோனின் வேலை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீரும், உள்ளே போன ஓபியாய்டு அதற்குப் பிறகும் இருக்கும்.

எட்டாம் படி: மாதங்கள், வருடங்கள்

முதல் மாதம் பரபரப்பாக ஓடிவிடும். மூன்றாம் மாதம்தான் கஷ்டம். பையன் நன்றாக இருக்கிறான், எடை கூடியிருக்கிறது, பெண் பார்க்கலாமா என்று பேச்சு வருகிறது. "இன்னும் எதுக்கு அந்த மாத்திரை? கல்யாணத்துக்கு முன்னாடி நிறுத்திடலாம்." நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பது மறந்துபோகும் கட்டம் இது.

2017ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, சிகிச்சையில் இருக்கும்போதும் விட்ட பிறகும் இறந்தவர்களைக் கணக்கிட்டது. மெத்தடோன் எடுக்கும்போது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 11 பேர், விட்ட பிறகு 36 பேர். புப்ரெனார்ஃபினில் 4 பேர், விட்ட பிறகு 9லிருந்து 10 பேர். விட்டதும் வரும் முதல் நான்கு வாரம்தான் மிக மோசம். கல்யாணத் தேதிக்காக மருந்தை நிறுத்த நினைப்பவர்கள் இந்த நான்கு வாரம் எந்தத் தேதிகளில் விழுகிறது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆலோசனை வேண்டுமா? வேண்டும். வேலை, தூக்கம், பழைய நண்பர்கள் வட்டம், கடன் எல்லாம் பேச வேண்டியவை. ஆனால் ஆலோசனைக்கு வராததற்குத் தண்டனையாக மருந்தை நிறுத்துவது சரியல்ல. சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படித்தான். அது அளவைச் சரிசெய்ய உதவும் கருவி. ஒரு தடவை பழையதைத் தொட்டுவிட்டார் என்று தெரிந்தால் அளவு போதவில்லையா, நாக்கடியில் ஒழுங்காக வைக்கிறாரா, யாரைப் பார்த்தார் என்று தேட வேண்டும். அவர் மருந்தைத் தொடர வேண்டும்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் சிகிச்சைச் சீட்டின் நகலும் டாக்டரின் கடிதமும் கையில் வைத்திருங்கள். புப்ரெனார்ஃபின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து, ரயிலில் சோதனை வந்தால் சீட்டு பேசும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் புறப்படாதீர்கள், இது பொதுவாக போதை மீட்பு மையங்கள் வழியாகத்தான் வரும். வெளிநாடு என்றால் அந்த நாட்டு விதியை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வித்ட்ராயல் கருவைப் பாதிக்கும். மெத்தடோனிலோ புப்ரெனார்ஃபினிலோ தொடர்ந்து இருப்பதுதான் பாதுகாப்பு. பிறந்த குழந்தைக்கு வித்ட்ராயல் வரலாம், குழந்தை டாக்டருக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைச் சமாளிக்க முடியும். நிலையாக இருக்கும் தாய் தாய்ப்பாலும் கொடுக்கலாம். அறுவை சிகிச்சை வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். வலிக்கு வேறு ஏற்பாடு செய்வார், புப்ரெனார்ஃபினை நிறுத்த வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: நிறுத்துவது

கடைசியில் வருகிறது, ஏனென்றால் இதற்கு அவசரமே இல்லை. சிலர் பல வருடம் எடுப்பார்கள், சிலர் ஆயுள் முழுக்க. நிறுத்த நினைப்பவர் குறைந்தது ஒரு வருடமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். வேலை, தூக்கம், வீடு எல்லாம் ஓரளவு சரியாக, ஆசை எட்டிப் பார்க்காமல். முடிவு அவருடையதாகவும் இருக்க வேண்டும், மாமனாருடையதாக அல்ல.

குறைப்பது மாதக் கணக்கில் நடக்கும். மேலே இருக்கும்போது 2 மி.கி. குறைவது தெரியாது. 4க்குக் கீழே வந்தபின் ஒவ்வொரு படியும் உறைக்கும். அதனால்தான் 0.4 மி.கி. மாத்திரை இருக்கிறது, கடைசித் தூரத்தை அதில் கடக்கலாம். உளைச்சல், தூக்கமின்மை, பழைய ஆட்களின் நினைப்பு தலைதூக்கினால் முந்தைய அளவுக்கு ஏறி ஓரிரு மாதம் நிற்கலாம். இது தோல்விக் கணக்கில் சேராது.

முழுதாக நிறுத்தியவருக்கு நால்ட்ரெக்சோன் ஒரு வழி. தினம் 50 மி.கி. மாத்திரை. உடம்பில் ஓபியாய்டு எதுவும் இல்லாமல் 7லிருந்து 10 நாள் ஆகியிருக்க வேண்டும், புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் வரை. அவசரப்பட்டால் முதல் நாள் சொன்ன அதே திடீர் வித்ட்ராயல். தொடங்கும் முன் ஈரலைப் பார்ப்பார்கள். வீட்டில் ஒருவர் கண்முன்னே தினமும் விழுங்க வைப்பதானால் நன்றாக வேலை செய்யும், நோயாளியின் பொறுப்பில் விட்டால் பெரும்பாலும் இரண்டாம் வாரமே டப்பாவில் மாத்திரை மிச்சமிருக்கும். நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்குத் தாங்கும் சக்தி துளியும் இருக்காது. மாத்திரையை விட்டுவிட்டுப் பழைய அளவைப் போட்டால் உயிர் போகும். அப்படி நழுவத் தொடங்குகிறார் என்று தெரிந்தால் திட்டி நேரத்தை வீணாக்காமல், பழைய ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையே போய்ப் புப்ரெனார்ஃபினை மறுபடி தொடங்கலாமா என்று கேளுங்கள்.